நார்தம்பர்லேண்டில் நான்கு நாள்: எல்லாக் கோட்டையும் ஒன்றா?

ஜூன் மாதம் லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ரயிலில் போகிறீர்கள், நடுவில் நான்கு நாள் கையில் இருக்கிறது. இங்கிலாந்தின் வடகோடியில் ஸ்காட்லாந்தை ஒட்டிக் கடலோரமாகக் கிடக்கும் நார்தம்பர்லேண்டில் இறங்கலாமா, இறங்கினால் எந்த ஊர்கள், எந்தச் சரித்திர இடங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கூட வருபவர்கள் எழுபதை நெருங்கும் அப்பா அம்மாவும் பத்து வயது மகளும். ஆனால் உங்கள் உண்மையான சந்தேகம் கடைசி வரியில் இருக்கிறது: இணையத்தில் தேடினால் கோட்டை, கோட்டை, இன்னொரு கோட்டை என்றே வருகிறதே, ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரிதானே என்கிறீர்கள்.

நான் வரலாறு படித்தவன். வடகிழக்கு இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். ஊரிலிருந்து வரும் உறவினர்களையும் நண்பர்களையும் இந்தக் கரைக்குத்தான் அழைத்துப் போவேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: தாராளமாக இறங்குங்கள். ஆனால் கோட்டைகளை எண்ணிக்கைக்காகப் பார்க்காதீர்கள். இந்த மாவட்டம் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு எல்லைப் பகுதி. ரோமானியர்களுக்கு அவர்கள் பேரரசின் வட விளிம்பு. இடைக்காலத்தில் முந்நூறு ஆண்டுகள் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அடித்துக்கொண்ட களம். ஒவ்வொரு கோட்டையும் ஒவ்வொரு பயத்துக்காகக் கட்டப்பட்டது. யாருக்குப் பயந்து, எந்த ஆண்டில், யார் கட்டினார் என்ற மூன்றும் தெரிந்து போனால் ஒன்று மற்றதைப் போல இருக்காது.

முதலில் ஒரு பொதுவான குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவர்தான் இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் எல்லை என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. கி.பி. 122-இல் கட்டத் தொடங்கிய அந்தச் சுவர் முழுவதும் இங்கிலாந்துக்குள்ளேயே இருக்கிறது. நார்தம்பர்லேண்டின் பெரும்பகுதி அந்தச் சுவருக்கு வடக்கேதான். இன்றைய எல்லை கடலைத் தொடும் இடம் பெர்விக் ஊருக்கும் சில கிலோமீட்டர் வடக்கே. சுவரும் கடற்கரையும் ஒரே மாவட்டத்தில் இருந்தாலும் அவை இரண்டு தனிப் பயணங்கள். ஒரே நாளில் இரண்டையும் திணித்தால் பாதி நாள் காரிலேயே போய்விடும்.

நான்கு நாளில் நான் செய்வது இதுதான். முதல் நாள் நியூகாசிலில் இறங்கி, அங்கே வாடகைக் கார் எடுத்து ஹெக்சம் போய் ஓர் இரவு. மீதி மூன்று நாளும் கடற்கரை, தங்குவது பெர்விக்கில். உங்கள் இந்திய ஓட்டுநர் உரிமம் செல்லுபடியாகும் நிலையில் இருந்தால் சுற்றுலாப் பயணியாக பிரிட்டனில் 12 மாதம் வரை அதை வைத்தே கார் ஓட்டலாம், அங்கேயும் இடது பக்கம்தான். கார் நிறுவனம் தனியாக என்ன கேட்கிறது என்பதை மட்டும் முன்பதிவின்போதே பார்த்துக்கொள்ளுங்கள். மார்பெத்துக்கு வடக்கே ஏ1 சாலை பல இடங்களில் இன்னமும் போக ஒன்று, வர ஒன்று என்ற அளவில்தான் இருக்கிறது. அதை அகலப்படுத்தும் திட்டத்தை அரசு 2024-இல் கைவிட்டது. முன்னால் டிராக்டர் போனால் பொறுமையாகப் பின்னால் போவதே நல்லது.

ஹெக்சமில் பார்க்க வேண்டியது அதன் மடாலயக் கோயில். பிஷப் வில்ஃப்ரிட் 674 வாக்கில் நிறுவியது. மேலே தெரியும் கட்டடம் பிற்காலத்தது. கீழே நிலவறை ஒன்று மட்டும் அந்த ஏழாம் நூற்றாண்டிலிருந்து அப்படியே நிற்கிறது. அதன் கற்கள் பக்கத்து ரோமானியக் குடியிருப்பிலிருந்து பெயர்த்து வந்தவை, சிலவற்றில் ரோமானியச் செதுக்கு வேலை தெரியும். படி செங்குத்து, அப்பா அம்மா மேலேயே இருந்து கோயிலைப் பார்க்கட்டும்.

சுவரில் ஹவுஸ்டெட்ஸ், விண்டோலாண்டா என்று இரண்டு இடங்களைப் பலரும் சொல்வார்கள். ஹவுஸ்டெட்ஸ் கோட்டை மலைமுகட்டில் இருக்கிறது. சுவரும் காட்சியும் அபாரம். ஆனால் வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஏற்றத்தில் நடக்க வேண்டும். பெரியவர்களோடு ஒன்றுதான் முடியும் என்றால் தயங்காமல் விண்டோலாண்டா என்பேன். சுவருக்கும் முந்தைய கோட்டை அது, சுமார் கி.பி. 85-லிருந்து படைகள் இருந்த இடம். அங்கே மண்ணில் காற்றுப் புகாத ஈரத்தில் தோலும் மரமும் துணியும் மக்காமல் கிடைக்கின்றன. 1973-இல் ராபின் பர்லி என்ற அகழாய்வாளர் அங்கே மெல்லிய மரப்பட்டிகளில் மையால் எழுதிய கடிதங்களைக் கண்டெடுத்தார். படைத்தலைவர் ஒருவரின் மனைவி கிளாடியா செவெரா இன்னொரு படைத்தலைவரின் மனைவி சல்பீசியா லெபிடினாவைத் தன் பிறந்தநாளுக்கு வரச் சொல்லி எழுதியது அவற்றில் ஒன்று. கடைசி வரிகளை செவெராவே தன் கையால் எழுதியிருக்கிறார். ஒரு பெண் லத்தீனில் கைப்பட எழுதி நமக்குக் கிடைத்தவற்றில் மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. கிட்டத்தட்ட 1,900 ஆண்டு பழைய பிறந்தநாள் அழைப்பு என்று சொல்லிப் பாருங்கள், உங்கள் மகள் அதை மறக்க மாட்டாள்.

நமக்கென்று அங்கே இன்னொன்று இருக்கிறது. அந்தப் பட்டிகளில் ஒன்று கணக்குச் சீட்டு. படைவீரர் ஒருவர் இரண்டு தெனாரியஸ் (ரோமானிய வெள்ளிக் காசு) கொடுத்து மிளகு வாங்கிய பதிவு அதில் வருகிறது. அந்தக் காலத்தில் ரோமுக்கு மிளகு போனது நம் தீபகற்பத்திலிருந்துதான். யவனர் கப்பல் முசிறிக்குப் பொன்னோடு வந்து கறியோடு, அதாவது மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாடல் சொல்கிறது. அப்படிப் போன சரக்கில் கொஞ்சம் பேரரசின் இந்தக் குளிர்ந்த வடக்கு விளிம்பு வரை வந்து, ஒரு சிப்பாயின் கணக்கில் ஏறியிருக்கிறது. எந்தத் துறைமுகம் வழியாக அந்தக் குறிப்பிட்ட மிளகு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. மேற்குக் கரையின் மலைகள்தான் அதன் மூலம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பட்டிகளில் பெரும்பாலானவை லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன, சில மட்டுமே விண்டோலாண்டாவில். லண்டனில் இருக்கும்போதே அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

சுவர் எதற்காக என்ற கேள்விக்கு வழிகாட்டிகள் ஒரே வரியில் பதில் சொல்வார்கள்: காட்டுமிராண்டிகளைத் தடுக்க. அறிஞர்களுக்குள் அப்படி ஒற்றைக் கருத்து கிடையாது. படையெடுப்பைத் தடுக்கவா, போக்குவரத்தைக் கட்டுப்படுத்தி வரி வாங்கவா, பேரரசரின் பெருமையைக் காட்டவா என்ற விவாதம் இன்றும் நடக்கிறது. சுமார் 117 கிலோமீட்டர் நீளம், ரோமானிய மைலுக்கு ஒரு வாயிற்கோட்டை என்று கட்டியதைப் பார்த்தால், அடைத்து வைப்பதைவிட யார் போகிறார், யார் வருகிறார் என்று கணக்கெடுப்பதே முக்கிய வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. அது என் சாய்வு. இன்னொன்று: சுவரின் தாழ்வில் தனியாக நின்ற புகழ்பெற்ற சிக்கமோர் மரத்தைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். 2023 செப்டம்பரில் அதை வெட்டிவிட்டார்கள். அதற்காக மட்டும் நடக்க வேண்டாம்.

இனி கடற்கரை. இங்கே திட்டத்தைத் தீர்மானிப்பது நீங்களோ நானோ இல்லை, கடல்தான். லிண்டிஸ்ஃபார்ன் என்கிற புனிதத் தீவுக்குப் போகும் சாலை நாளுக்கு இரண்டு முறை கடல் ஏற்றத்தில் மூழ்கும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வழி கிடையாது. மாவட்ட நிர்வாகம் பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களை முன்கூட்டியே வெளியிடுகிறது. அதை முதலில் பாருங்கள், உங்கள் மூன்று நாளில் எந்த நாள் பகலில் நீண்ட நேரம் வழி திறந்திருக்கிறதோ அந்த நாளைத் தீவுக்கு ஒதுக்குங்கள், மற்றதெல்லாம் அப்புறம். "தண்ணீர் கணுக்கால் அளவுதானே" என்று இறங்கி நடுவில் மாட்டிக்கொள்ளும் கார்கள் ஆண்டுதோறும் உண்டு. சாலையோரம் தூண்களின் மேல் நிற்கும் வெள்ளைக் குடில் அப்படி மாட்டியவர்கள் ஏறி உட்காரக் கட்டியது.

தீவில் என்ன இருக்கிறது? 635-இல் மன்னர் ஆஸ்வால்ட் அழைத்து, ஸ்காட்லாந்தின் அயோனா தீவிலிருந்து எய்டன் என்ற துறவி வந்து மடம் நிறுவினார். வட இங்கிலாந்தில் கிறிஸ்தவம் வேர்விட்ட இடங்களில் இது முதன்மையானது. அவருக்குப் பின் வந்த கத்பர்ட் இந்தப் பகுதியின் மிகப் பெரிய புனிதர். 700-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கேதான் லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்திச் சுவடி எழுதி வரையப்பட்டது. ஈட்ஃபிரித் என்ற பிஷப்பின் கைவண்ணம் என்பது மரபு. அசல் லண்டனில் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. அது காட்சிக்கு இருக்கிறதா என்று புறப்படும் முன் விசாரியுங்கள். 793-இல் ஸ்காண்டிநேவியக் கடற்கொள்ளையர்களான வைக்கிங்குகள் தீவைத் தாக்கினார்கள். "இங்கிலாந்தின் முதல் வைக்கிங் தாக்குதல்" என்று பல பலகைகள் சொல்லும். அதற்குச் சில ஆண்டு முன்பே தென்கரையில் ஒரு மோதல் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஐரோப்பாவே அதிர்ந்தது இந்தத் தாக்குதலில்தான், வைக்கிங் காலத்தின் தொடக்கமாக எடுத்துக்கொள்வதும் இதைத்தான்.

இன்று நீங்கள் பார்க்கும் மடத்தின் இடிபாடு எய்டன் காலத்தது அல்ல, பன்னிரண்டாம் நூற்றாண்டின் நார்மன் கட்டடம். கோபுரம் விழுந்த பிறகும் ஒற்றைக் கல்வளைவு மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. வானவில் வளைவு என்பார்கள். பெரியவர்களுக்கும் எளிது, தரை சமமானது. பாறை மேலிருக்கும் சிறிய கோட்டை பதினாறாம் நூற்றாண்டில் துறைமுகக் காவலுக்கு எழுந்தது. 1900-களின் தொடக்கத்தில் பத்திரிகை அதிபர் எட்வர்ட் ஹட்சன் அதை விடுமுறை வீடாக மாற்றச் சொன்னார். மாற்றியவர் எட்வின் லட்யன்ஸ், பின்னாளில் புது டெல்லியை வடிவமைத்த அதே ஆள். டெல்லியின் அகலத்தைப் பார்த்துவிட்டு இந்தக் குறுகிய கல் அறைகளைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஏற்றமான கல்பாதை வழுக்கும். அப்பா அம்மா கீழே சுண்ணாம்புக் காளவாய்கள் பக்கம் உட்காரலாம்.

பாம்பரோ கோட்டைக்கு வருகிறேன். இந்தக் கரையின் படங்களில் எல்லாம் இருப்பது இதுதான். கரிய எரிமலைப் பாறைத் திட்டின் மேல், கீழே மணல், முன்னால் கடல். நார்தம்பிரிய அரசர்களின் தலைநகர். 547-இல் ஐடா என்ற அரசன் ஆட்சியைத் தொடங்கியதாகக் குறிப்பு இருக்கிறது. ஆனால் உள்ளே பார்ப்பதில் பெரும்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஆயுத ஆலை அதிபர் வில்லியம் ஆம்ஸ்ட்ராங் வாங்கிப் புதுப்பித்தது. அதனால் என் யோசனை: வெளியிலிருந்து, கடற்கரையில் நின்று, ஆற அமரப் பாருங்கள். உள்ளே போவது உங்கள் விருப்பம், போகாவிட்டாலும் இழப்பு பெரிதில்லை. அந்த நேரத்தை ஊருக்குள் இருக்கும் கிரேஸ் டார்லிங் அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கள். 1838 செப்டம்பர் 7 அதிகாலை, ஃபார்ஃபர்ஷயர் என்ற நீராவிக் கப்பல் எதிரே ஃபார்ன் தீவுப் பாறையில் மோதி உடைந்தது. கலங்கரை விளக்கக் காவலரின் 22 வயது மகள் கிரேஸ், அப்பாவோடு சிறு படகில் துடுப்புப் போட்டுப் போனாள். பாறையில் ஒட்டியிருந்த ஒன்பது பேரும் பிழைத்தார்கள். அவள் தனியாகவே போய்க் காப்பாற்றியதாகப் பழைய பாடல்களும் படங்களும் காட்டும். நடந்தது வேறு: முதல் நடையில் அப்பாவும் மகளும் ஐந்து பேரைக் கொண்டுவந்தார்கள், மீதி நால்வருக்காகத் திரும்பிப் போனவர்கள் அப்பாவும் மீட்கப்பட்ட கப்பல் ஆட்களும். அந்தப் படகு அங்கேயே இருக்கிறது. புயலில் அதைத் துழாவிப் போனார்கள் என்பதை அதன் அளவைப் பார்த்தால்தான் நம்ப முடியும். உங்கள் மகளுக்கு நான் ஒரே ஒரு இடம் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் இதுதான்.

சீஹவுசஸ் துறையிலிருந்து ஃபார்ன் தீவுகளுக்குப் படகு போகும். ஜூனில் பஃபின் பறவைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும். தொப்பி கட்டாயம், கூட்டைக் காக்கும் ஆர்க்டிக் ஆலாக்கள் தலையைக் கொத்தும். கடல் சரியில்லை என்றால் படகு போகாது, அதையும் கணக்கில் வையுங்கள்.

சரி, மற்ற கோட்டைகள். டன்ஸ்டன்பரோ எனக்கு மிகவும் பிடித்தது. 1313-இல் லங்காஸ்டர் பிரபு தாமஸ் கட்டத் தொடங்கினார். அவர் பயந்தது ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு மட்டுமல்ல, சொந்த அரசர் இரண்டாம் எட்வர்டுக்கும் சேர்த்துத்தான். 1322-இல் அந்த அரசர் கையாலேயே தலையை இழந்தார். கோட்டை அவருக்கு உதவவில்லை. கிராஸ்டர் மீனவக் கிராமத்திலிருந்து புல்வெளிக் கரையோரம் சுமார் இரண்டு கிலோமீட்டர் நடக்க வேண்டும், வண்டி போகாது. பாதை சமமானதுதான், ஆனாலும் போக வர நான்கு கிலோமீட்டர். பெரியவர்களுக்கு முடியாவிட்டால் அவர்கள் கிராஸ்டரில் கடலைப் பார்த்து உட்காரட்டும். அங்கே கருவாலி மரத்தூள் புகையில் ஹெர்ரிங் மீனைப் பதப்படுத்தும் புகைக்கூடம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வேலை செய்கிறது. நம் கருவாட்டுப் பிரியர்கள் கிப்பரை ஒரு கை பார்ப்பார்கள்.

வார்க்வொர்த் கோட்டை, ஒரு பிரபு குடும்பம் உள்ளே எப்படி வாழ்ந்தது என்பதைப் புரிந்துகொள்ள மாவட்டத்திலேயே சிறந்த இடம். காக்கெட் ஆறு வளைத்துக்கொண்ட ஊர், உச்சியில் சிலுவை வடிவில் கட்டிய நடுக்கோபுரம். சமையலறை எங்கே, மது அறை எங்கே, எந்தப் படி யாருக்கு என்று ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கலாம். அல்னிக் (எழுத்தில் இருக்கும் டபிள்யூவை யாரும் சொல்வதில்லை) 1309 முதல் பெர்சி குடும்பத்தின் கையில், இன்றும் அவர்கள் வசிக்கிறார்கள். ஹாரி பாட்டர் முதல் இரண்டு படங்களுக்கு இங்கே படப்பிடிப்பு நடந்ததால் கூட்டம் அதிகம், கட்டணமும் அதிகம். மகள் அந்தக் கதைகளைப் படிப்பவள் என்றால் போங்கள். இல்லையென்றால் கோட்டையை விட்டுவிட்டு ஊரின் பழைய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் பார்ட்டர் புக்ஸ் பழைய புத்தகக் கடையில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள்.

கடைசியாக, நான் தங்கச் சொன்ன பெர்விக். உள்ளூரில் பெரிக் என்பார்கள். பெரும்பாலானவர்கள் ரயில் ஜன்னலில் பார்த்துவிட்டுக் கடந்து போகும் ஊர் இது, எனக்கு அதில் வருத்தம் உண்டு. எல்லைக் கதை முழுவதும் இங்கேதான் திரண்டிருக்கிறது. 1482 வரை இங்கிலாந்துக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவே திரும்பத் திரும்பக் கைமாறியது. பதின்மூன்று முறை என்று அடித்துச் சொல்வார்கள். எதைக் கைமாற்றமாக எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும். 1296-இல் முதலாம் எட்வர்ட் ஊரைப் பிடித்துக் கொன்று குவித்தது உறுதி. இறந்தவர் எண்ணிக்கை ஒவ்வொரு பழைய நூலிலும் ஒவ்வொரு விதம். ரஷ்யாவோடு இந்த ஊர் மட்டும் இன்னும் போரில் இருக்கிறது, கிரிமியப் போர் ஒப்பந்தத்தில் பெயர் விட்டுப்போனது என்று ஒரு கதை கேட்பீர்கள். அது வெறும் கதை. 1746-லேயே இங்கிலாந்து என்று சட்டத்தில் எழுதினால் பெர்விக்கும் அடக்கம் என்று ஆக்கிவிட்டார்கள்.

பெர்விக் ரயில் நிலையமே பழைய கோட்டையின் பெரிய மண்டபம் நின்ற இடம். ஸ்காட்லாந்தின் அரியணை யாருக்கு என்று எட்வர்ட் 1292-இல் தீர்ப்புச் சொன்னது அங்கேதான். ரயில் பாதைக்காகக் கோட்டையை இடித்தார்கள். அதற்கு ஈடாக ராபர்ட் ஸ்டீவன்சன் 28 வளைவுகளோடு கட்டிய ராயல் பார்டர் பாலம் நிற்கிறது, 1850-இல் விக்டோரியா திறந்தது. ஈடாகுமா என்பதை ஆற்றங்கரையில் நின்று நீங்களே முடிவு செய்யுங்கள். பக்கத்தில் பதினேழாம் நூற்றாண்டின் 15 வளைவுக் கல்பாலமும் 1928-இன் கான்கிரீட் பாலமும் இருக்கின்றன. ஊரைச் சுற்றி 1558-இல் தொடங்கிய மதில் இன்னும் முழுசாக நிற்கிறது. பீரங்கிக் காலத்துக்கென்று இத்தாலிய பாணியில், அம்பு முனை வடிவக் கொத்தளங்களோடு, உயரம் குறைத்துத் தடிமன் கூட்டிக் கட்டியது. மேலேயே ஊரைச் சுற்றி நடந்துவிடலாம், கட்டணம் கிடையாது. ஆனால் பல இடங்களில் கைப்பிடி இல்லாமல் நேராகப் பள்ளம் விழுகிறது. மகளின் கையை விடாதீர்கள், இருட்டியபின் ஏறாதீர்கள்.

பெர்விக்கில் ஒரு மாலை மிஞ்சினால் ட்வீட் ஆற்றோரமாக மேற்கே போய் யூனியன் சங்கிலிப் பாலத்தைப் பாருங்கள். 1820-இல் கட்டியது, பழுதுபார்த்து 2023-இல் மறுபடி திறந்தார்கள், இன்றும் கார் போகிறது. ஒரு முனை இங்கிலாந்து, மறு முனை ஸ்காட்லாந்து. நடுவில் நிற்க பாஸ்போர்ட் எதுவும் வேண்டாம்.

இனி என் எல்லைகள். செவியட் மலை நடைப்பயணம் பற்றி நான் சொல்லத் தகுதியானவன் இல்லை, அது தெரிந்தவர்களைக் கேளுங்கள். கட்டணமும் திறக்கும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் வேண்டுமென்றே எழுதவில்லை. இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பு வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று ஒரு பாஸ் விற்கிறது. ஹவுஸ்டெட்ஸ், வார்க்வொர்த், டன்ஸ்டன்பரோ, தீவின் மடம் எல்லாம் அதில் அடங்கும். விண்டோலாண்டாவும் பாம்பரோவும் அல்னிக்கும் தனி நிர்வாகம், தனிச் சீட்டு. சைவம் சாப்பிடுபவர்கள் என்றால் கிராமத்து உணவகங்களை நம்பிப் போகாமல், பெர்விக்கிலோ அல்னிக்கிலோ பெரிய கடையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜூனிலும் பகலில் 15, 17 டிகிரிதான் இருக்கும், வெயில் அடிக்கும்போதே கடலிலிருந்து மூடுபனி வந்து கவிந்துவிடும். அம்மாவுக்கு ஸ்வெட்டரோடு காற்றுப் புகாத ஒரு மேல்சட்டையும் எடுங்கள். இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும், அதனால் மதியம் அறைக்குத் திரும்பி அவர்களை ஓய்வெடுக்க வைத்துவிட்டு மாலையில் மறுபடி கிளம்பலாம். லண்டனிலிருந்து வரும்போது ரயிலில் வலது பக்கம் சீட்டுப் போடுங்கள். டர்ஹம் பேராலயமும் அந்தப் பக்கமே தெரியும். அல்ன்மவுத் தாண்டியபின் கடல் முழுக்க வலப்புறம்தான்.